காதுக்குள் காருகுறிச்சியார்

மேடைப் பாடகர்கள் காதில் செருகிக்கொள்ளும் ‘இன்-இயர் மானிட்டர்’ இப்போது நம்மைப் போன்றவர்களுக்கும் கடையில் கிடைக்கிறது. பேரன் வாங்கித் தந்ததில் நான் முதலில் கேட்டது ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தின் ஆபேரிப் பாட்டு. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஜானகியம்மா குரல், நம் ஜில்லாக்காரர் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம்.

ரேடியோவில் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் குரல் எது, நாதஸ்வரம் எது என்று ஒவ்வொரு கமகத்திலும் தனித்தனியாகத் தெரிந்தது இப்போதுதான். பழைய மோனோ பதிவு என்பதால் இடம் வலம் பிரியாமல் நடுத்தலைக்குள் ஒலிக்கிறது.

ரப்பர் முனை காதில் இறுக்கமாகப் பொருந்தவேண்டும். தளர்ந்தால் தவிலில் தொப்பியின் கனம் போய் வலந்தலை மட்டுமே மிஞ்சும். சரியாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் அடங்கும். குறைந்த ஒலியே போதும். 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதானால் முதலில் மங்குவது கீச்சொலிகள். ஒலியைக் கூட்டிவைத்து இருக்கிற செவியையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. நாதஸ்வரம் தேரோடும் வீதிக்கான வாத்தியம். நாலு தெரு தள்ளிக் காற்றில் வரவேண்டும். அந்தத் தூரம் இதில் இல்லை. 1964-இல் மறைந்தவரை வீதியில் கேட்க இனி வழியுமில்லை. ஆகவே ராத்திரி அரைமணி நேரம், மெதுவாக வைத்துக் கேட்கிறேன்.