40 சென்ட்

“ஞாயித்துக்கிழமை ஆனா கொல்லிக்குப் போயிடுறீங்க. நல்ல பொழுதுபோக்கு” என்றார் கூட வேலை செய்கிற நண்பர். கேலி இல்லை, மெச்சித்தான் சொன்னார். கடற்கரைச் சாலையில் பண்ணைவீடு வாங்கிப் போட்டிருப்பவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

வரவு செலவு பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. திண்டிவனம் பக்கம் 40 சென்ட் மானாவாரி. தம்பிக்குக் கம்பெனி வேலை, எனக்கு மாதச் சம்பளம். உழவுக்கூலியும் விதைப்பருப்பும் போக ஒண்ணு ரெண்டு மூட்டை மல்லாட்டை மிஞ்சினால் பெரிசு. அப்புறம் ஏன் அழணும்?

சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் அம்மா உழவுக்கு ஆள் தேடும். கோடை உழவில் கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழு மேலே வரும், மைனா கொத்தித் தின்னும். ஆடியில் விதைப்பு. ஓரத்தில் துவரையும் ஆமணக்கும். நாற்பதாம் நாள் களை கொத்தி மண் அணைப்போம். ஊசி எறங்கிட்டா அம்மா யாரையும் கொத்த விடாது. ஐப்பசியில் மழை முந்திக்கிட்டா காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். அந்த ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. தையில் துவரை.

அப்பா 2014இல் செத்தார். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் நாங்க விதைக்கலை. துக்கம், கடன், என் படிப்பு. மூணாம் வருஷம் போய்ப் பார்த்தால் பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி நாலு எட்டு உள்ளே வந்திருந்தது. கேட்டதற்கு, “சும்மாதானே கெடக்குது” என்றார். அடங்கலில் எங்கள் நிலத்துக்கு நேரே ‘தரிசு’ என்று எழுதியிருந்தது. அளந்து கல் நட அலைந்தது ஒன்றரை வருஷம். அன்றைக்கு அம்மா சொன்னது: “வெத போடாம உட்டா வேலி நடந்து வரும்டி.”

இது பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் எங்கள் ஜனங்களின் நிலைமையை எழுதி அனுப்பிய அறிக்கையும், 1892இல் வந்த அரசாணையும் கொடுத்த நிலம். முதல் 10 வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அப்புறமும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. எங்க பாட்டன் வச்சிருந்த மூணு ஏக்கர், பஞ்ச காலத்துக் கேவுருக்கும் ஒரு கைநாட்டுக்கும் போய், மிஞ்சினது இந்த 40 சென்ட். இப்படிப் போன நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் காரணை ஜனங்கள்மேல் அடக்குமுறை ஏவப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

பண்ணைவீட்டுக்காரர் ரெண்டு வருஷம் எட்டிப் பார்க்காவிட்டாலும் அவர் வேலியை யாரும் நகர்த்த மாட்டார்கள். நமக்கு அப்படியில்லை. நாம் அங்கே இருக்கிறோம் என்று ஒவ்வொரு ஆடியிலும் காட்ட வேண்டியிருக்கிறது. பயிர் வச்சால் மட்டும் போதாது. அடங்கலில் அது ஏறியிருக்கிறதா என்று வருஷா வருஷம் போய்ப் பார்க்கணும். நஞ்சை புஞ்சை கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும் தோழர்கள் ஊருக்குப் போகும்போது இந்த ஒரு வேலையை மறக்காமல் செய்யுங்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஐப்பசியில் ஒரு படி பச்சை மல்லாட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். “என்னா ருசி!” என்றார். இந்த ஆடிக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறேன். வேலியைக் காட்டித்தான் பேச வேண்டும்.