செவ்வாய்க்கிழமை ஒரு மலைப் பயணம்

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்திருக்கிறது எங்கள் ஒரகடம். ஏரிப் பாசனத்தை நம்பி உழவு நடந்த இவ்வூர்ப்புறத்தில் இன்று ஆலைகளே நிறைந்துள்ளன. ரெனோ–நிசான் மோட்டார் தொழிற்சாலை 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர் செய்யும் ஆலைகளும் அடுத்தடுத்து எழுந்தன. ஆலைகளால் வேலை வந்தது. அதனோடு ஷிப்டும் வந்தது.

எங்கள் மூத்த மகன் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் வேளையில், மகள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டிருப்பாள். ஒரே வீட்டில் வாழ்ந்தும், அறுவரும் ஒன்றாக அமர்ந்து உணவருந்தி ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. இதைப் பாட்டி சொன்ன பிறகே நாங்கள் உணர்ந்தோம். எனவே, ஒரு நாளேனும் அனைவரும் சேர்ந்து வெளியே செல்வதென முடிவு செய்தோம்.

மகனுக்கு வார ஓய்வு செவ்வாய்க்கிழமை. கடைக்குட்டிக்குக் காலாண்டு விடுமுறை. மகளும் தோழியிடம் பேசித் தன் ஓய்வு நாளை மாற்றிக்கொண்டாள். மலையும் காடும் சூழ்ந்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவே எங்கள் முதல் எண்ணம். 1855இல் சென்னையில் தொடங்கப்பெற்று, 1985இல் வண்டலூருக்கு வந்த பூங்கா அது. பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர். சிங்கத்தைக் காணப் போவதாகக் கடைக்குட்டி தெருவெல்லாம் சொல்லிவிட்டான். ஆனால், செவ்வாய்க்கிழமைதான் பூங்காவுக்கு விடுமுறை நாள்! அறிந்ததும் பிள்ளை அழுதே விட்டான்.

"பரங்கிமலைக்குப் போவோமே, நானும் உங்கள் தாத்தாவும் கல்யாணமான புதிதில் ஏறிய மலை" என்றார் பாட்டி. மலையுச்சியிலிருந்து விமானங்கள் இறங்குவதைக் காணலாம் என்றதும் கடைக்குட்டியின் அழுகை நின்றது.

அடுத்து உணவைப் பற்றிய பேச்சு. சுற்றுலா என்றாலே விடியுமுன் எழுந்து அடுப்படியில் நிற்பவள் தாய்தானே! இம்முறை புளிச்சாதத்தை முன்னிரவே தந்தையும் மகளும் செய்து முடித்தனர்.

காலையில் பேருந்தில் தாம்பரம் சென்று, அங்கிருந்து மின்சார ரயிலில் பரங்கிமலை வந்தடைந்தோம். மலையின் உயரம் ஏறத்தாழ 300 அடி. அடிவாரத்திலிருந்து மேலேறும் 130க்கும் மேற்பட்ட படிகளை அமைத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மூட்டுவலியுள்ள பாட்டியை வண்டிப் பாதை வழியே ஆட்டோவில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் வெயில் ஏறுமுன் படியேறினோம்.

திருத்தூதர் புனித தோமையார் உயிர் நீத்த இடமென மரபு போற்றும் இம்மலையில், 1523இல் போர்த்துக்கீசியர் ஆலயம் எழுப்பினர். அங்குள்ள பழமையான கற்சிலுவையின் முன் மண்டியிட்டோம். 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பவுல் இங்கு வந்து செபித்ததைப் பாட்டி நினைவுகூர்ந்தார்.

1802இல் லாம்டன் என்பவர் இந்திய நிலத்தை அளக்கும் பெரும்பணியை இம்மலையருகே தொடங்கினார். பிற்காலத்தில் இமயச் சிகரங்களின் உயரம் கணிக்கப்பட்டதும் அப்பணியின் தொடர்ச்சியே. ஆலையில் உதிரிப் பாகங்களை நுட்பமாக அளந்து பார்க்கும் எங்கள் மகன் இச்செய்தியைக் கேட்டு வியந்தான். கடைக்குட்டியோ மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை எண்ணுவதில் மூழ்கியிருந்தான்.

நண்பகலில் மரநிழலில் அறுவரும் வட்டமாக அமர்ந்து உண்டோம். புளிச்சாதத்தில் உப்புச் சற்று மிகுதி. எவரும் குறை சொல்லவில்லை. உண்டதும் மகன் பாட்டியின் மடியருகே அயர்ந்து உறங்கிவிட்டான். விமானம் காட்ட அவனை எழுப்பப் போன தம்பியைப் பாட்டி கையமர்த்தினார். ஒரு மணி நேரம் அவனைச் சுற்றி அமர்ந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தோம். காணவேண்டிய இடங்கள் இன்னும் சில இருந்தன. அவற்றை விட்டுவிட்டதில் எங்களுக்கு வருத்தமில்லை.

எங்கே செல்வது என்று தேடுமுன், எல்லாரும் கூடும் நாளைத் தேடுங்கள் என்பதே வாசகக் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது. படைப்பை முடித்த இறைவனும் ஒரு நாள் ஓய்ந்திருந்தாரன்றோ! மறுநாள் இரவு மகன் மீண்டும் ஷிப்டுக்குப் புறப்பட்டான். சிங்கம் இன்னும் வண்டலூரில் காத்திருக்கிறது. செவ்வாய் அல்லாத ஒரு நாளை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம்.