குழந்தையின் நாவும் பெற்றோரின் கடமையும்

சனிக்கிழமை விரதச் சோற்றில் முதற் பிடியைக் காகத்துக்கு வைப்பது எமது இல்லத்து வழக்கம். ஸ்கந்தபுரத்தில் காகங்களுக்குக் குறைவில்லை. எமது இளைய மகன் நான்கு வயதில் முற்றத்தில் நின்று அவற்றை அழைப்பான். ‘கா, கா’ என்று அழைக்கவேண்டியவன் ‘தா, தா’ என்பான். “காகத்திட்டை என்ன ராசா கேக்கிறாய்?” என்று அவனுடைய அப்பம்மா சிரிப்பார், நாமும் சிரித்தோம். கதவு ‘ததவு’ ஆயிற்று. கட்டு ‘தட்டு’ ஆயிற்று. முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிய பின்னரே எமது சிரிப்பு நின்றது. அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டு, வேண்டியவற்றைக் கையாற் சுட்டிக்காட்டத் தொடங்கினான்.

இனி எமது பிழையைச் சொல்லவேண்டும். கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிப்பவர் நாம். ‘அளந்து பார், ஒப்பிட்டுப் பார், பின்னர் முடிவு சொல்’ என்று மாணவரை நாள்தோறும் வற்புறுத்துவோம். வீட்டில் மட்டும் அவ்விதியை மறந்தோம். வசம்பை உரைத்து நாவில் தடவினால் சொல் திருந்தும் என்றார் ஒரு முதியவர். ஊதுகுழலும் பலூனும் ஊதினால் நாக்குப் பலம்பெறும் என்றார் வேறொருவர். அனைத்தையும் செய்தோம். எட்டு மாதங்கள் கழிந்தன. காகம் அவனுக்குத் ‘தாதம்’ ஆகவே இருந்தது.

பின்னர் யாழ்ப்பாணத்தில் பேச்சுச் சிகிச்சையாளரான அம்மையார் ஒருவரைக் கண்டோம். அவர் முதலில் செவிப்புலனைச் சோதிக்கச் செய்தார். காதிற் குறையிருப்பின் அதையறியாது நாவைத் திருத்த முயல்வது வீண் என்றார். அடுத்து, படங்களைக் காட்டி, எந்த ஒலி எவ்விடத்தில் மாறுகின்றது என்று குறித்துக்கொண்டார். “முறுக்குக் கடிக்கிற பிள்ளைக்கு நாக்குப் பலவீனம் இல்லை, சேர்” என்று சிரித்தார். தகரத்துக்கு நா நுனி பல்லைத் தொடும். ககரத்துக்கு நாவின் பின்புறம் மேலண்ணத்தைத் தொடும். பிள்ளை இரண்டுக்கும் நுனியையே பயன்படுத்தினான். ஊதுகுழல் இவ்வேற்றுமையைக் கற்பிக்குமா?

அவர் தந்த பயிற்சி எளியது. சோற்றுத் தட்டின் படம் ஒன்று, விறகுக் கட்டின் படம் ஒன்று. கட்டை நினைத்துக்கொண்டு ‘தட்டு’ என்று கேட்டால் தட்டையே கொடுக்கவேண்டும். ஒலி மாறினாற் பொருளும் மாறும் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்வான். நாளொன்றுக்குப் பத்து நிமிடம். வாரந்தோறும் சரியான சொற்களை எண்ணிக் கொப்பியில் எழுதவேண்டும். முதல் மூன்று வாரங்கள் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. கொப்பியைப் பார்த்த அம்மையார், முதலில் கேட்டு வேறுபடுத்தட்டும், பின்னர் சொல்லட்டும் என்று படியை மாற்றினார். அதன்பின் கட்டங்கள் நிரம்பலாயின.

ஆயினும் ஒரு பிள்ளையின் கதை சான்றாகாது. வயது ஏற ஏற அவன் தானாகவே திருந்தியிருக்கலாம் அல்லவா? இவ்வையத்தைத் தீர்க்கவே ஒப்பீட்டு ஆய்வு வேண்டப்படுகின்றது. திக்குவாய்க்கான ‘லிட்கொம்’ முறையை நியூசிலாந்தில் 3 முதல் 6 வயது வரையான 54 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்கு மட்டும் அம்முறையை அளித்தனர். ஒன்பது மாதங்களின் பின், மற்றக் கூறு நூறு அசைகளில் சராசரியாக 3.9 இடங்களில் திக்க, பயிற்சி பெற்றோர் 1.5 இடங்களிலேயே திக்கினர். இம்முடிவு 2005இல் வெளியாயிற்று. அம்முறையை வீட்டில் நடத்துவோர் பெற்றோரே என்பது கருதத்தக்கது. மாறாக, ஊதுதல் போன்ற வாய்ப்பயிற்சிகள் பேச்சொலியைத் திருத்தும் என்பதற்குப் போதிய சான்றில்லை என்று 2015இல் கொக்ரேன் மீளாய்வு கூறிற்று.

சான்று என்றவுடன் ஏட்டுச் செய்தி மட்டுமே என்று எண்ணற்க. 1996இல் டேவிட் சாக்கெட் முதலிய மருத்துவர் இதனை விளக்கியபோது ஆய்வு, சிகிச்சையாளரின் அனுபவம், நோயாளியின் விருப்பம் ஆகிய மூன்றையும் இணைத்தே கூறினர். எமது வன்னிக்கு மூன்றாவது மிக முக்கியம். ஒரு நாட் கூலியை இழந்து, பிள்ளையோடு ஏ9 வீதியிற் பேருந்தேறிச் செல்லும் தாய்க்கு வீண் பயிற்சியின் விலை பெரிது. அவர் வீட்டில் செய்யக்கூடியதும் பயன் தருவதுமான பயிற்சியே அவருக்கு உரியது.

ஆகவே பெற்றோர் தயங்காது கேட்கவேண்டும்: இம்முறை பயன் தந்ததற்குச் சான்று என்ன? வீட்டில் நாம் செய்யவேண்டியது யாது? எத்தனை வாரத்தில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கலாம்? நல்ல சிகிச்சையாளர் இதற்குச் சினங்கொள்ளார். இரண்டு வயதாகியும் இரு சொற்களை இணைத்துப் பேசாத பிள்ளையைக் கண்டால், ‘பிந்திப் பேசுவான்’ என்று காத்திராது செவிப்புலனையேனும் சோதிப்பித்தல் வேண்டும்.

அப்பம்மாவை நாம் குறைகூறவில்லை. அவரது அன்பிற் குறையில்லை. தட்டும் கட்டும் காட்டிப் பெரும்பாலான நாட்களிற் பயிற்சி அளித்தவர் அவரே. சென்ற சனிக்கிழமை முற்றத்திலிருந்து ‘கா, கா’ என்ற குரல் கேட்டது. சோற்றோடு நின்ற அப்பம்மா, காகத்தைப் பாராது பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.