மூன்று வரிசை

ஃபிராங்க்ஃபர்ட்டில் சென்னை விமானத்துக்குள் முதல் ஆட்களில் ஒருவனாக நுழைந்தேன், எல்லாம் சக்கர நாற்காலியின் புண்ணியம். நடக்க முடியாதவன் இல்லை நான். பெரிய நிலையத்தில் அப்பா வழி தவறிவிடுவார் என்று சிகாகோவிலிருந்து மகன் செய்து வைத்த ஏற்பாடு. என்னைப்போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள். விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு வரப்பட்டு, வாசலில் எழுந்து விறுவிறுவென்று நடந்தோம்.

எங்களுக்கும் முன்னால் ஒரு குடும்பம் உள்ளே போயிருந்தது. முப்பத்திரண்டாம் வரிசையில், எனக்கு நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒரு பெண் இருக்கையின் மேல் முழங்காலிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மடக்குப் பலகையைத் திறந்து மேல்பக்கம், அடிப்பக்கம். அதைப் பிடித்து நிறுத்துகிற சின்னக் கொக்கியை இரண்டு முறை. இடுப்புப் பட்டையின் இரண்டு உலோக நாக்குகள். கைப்பிடியின் மேலே மட்டுமல்ல, விரல் மடங்கிப் பிடிக்கிற அடிப்பகுதியும். திரை, ஜன்னல் மூடி. முன்சீட்டுப் பையைத் துடைக்கவில்லை. அதன் வாயை ஒரு துணியால் மூடிச் செருகிவிட்டாள். அழுக்கான ஈரத்தாள்களை ஒரு ஜிப் பைக்குள் போட்டு இழுத்து மூடினாள். பிறகு மடித்து வைத்திருந்த பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்து ஜன்னலோர இருக்கையில் விரித்தாள்.

அதுவரை பையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றான். ஏழு வயதிருக்கும். தொடாதே என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தொடாமல் நிற்கிற பழக்கம் அந்தக் கைகளில் இருந்தது.

அவள் பையின் ஓரத்தில் சானிடைசர் பாட்டில் ஒன்று இருந்தது. அதை எடுக்கவே இல்லை. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. திண்டிவனத்தில் முப்பத்தொரு வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவன் நான். சானிடைசர் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலையின் புரதத்தை ஒன்றும் செய்யாது. ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் தடவி வைக்கும். ஈரத்தாளும் சோப்புத் தண்ணீரும்தான் அதை அகற்றும். பையனின் இடுப்பில் ஒரு ஆரஞ்சு நிறப் பை. அதற்குள் என்ன இருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது.

துடைத்து முடித்ததும் அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, ஏறிட்டோம். செக்கெண்ணெய பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டியா? ... கடலெண்ணெய்ன்னா எதுவுமே வேணாம்மா. தேங்கா சட்னில பொட்டுக்கடலை போடு, அது பரவால்ல. ... ஐயோ, பொட்டுக்கடலை வேற, வேர்க்கடலை வேற. இல்லம்மா, சுண்டலும் சாப்பிடுவான்.”

அந்தப் பக்கத்தில் அந்த அம்மாள் குழம்பியிருப்பார். குழம்பாமல் என்ன செய்வார்? நம் மொழியில் எல்லாமே கடலைதான். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு. இதில் முதலாவது மட்டும் அந்தப் பையனின் தொண்டையை அடைக்கும், மற்றவை அவனுக்குச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம், மணிலாக்கொட்டை தேய்ந்து அப்படியானது. அந்தப் பெயராவது தனித்து நிற்கிறது. செக்கெண்ணெயை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னதும் சரி. நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய மிஞ்சாது. செக்கில் ஆட்டியதில் வாசனையோடு அதுவும் இருக்கும். உடம்புக்கு நல்லது என்று எல்லாரும் செக்குக்குத் திரும்பிய காலத்தில் இவனுக்கு மட்டும் அது தலைகீழ்.

பயணிகள் ஏற ஆரம்பித்தார்கள். அவள் எழுந்தாள். முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். அடுத்த வேலை கேட்பது.

முன்வரிசையில் காதில் ஒலிப்பான் மாட்டிய ஒரு ஜெர்மன்காரர். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் ஒலிப்பானைக் கழற்றிக் கேட்டார், தன் பையிலிருந்து ஒரு சாக்லெட் கட்டியை எடுத்துப் பின்பக்க எழுத்தைப் படித்தார், அதில் ஹேசல்நட் இருந்தது போலும், எழுந்து அதை மேலே பெட்டிக்குள் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன், “நோ ப்ராப்ளம் அக்கா,” என்றான், அவள் முழுதும் சொல்லி முடிப்பதற்குள். பாதியில் சம்மதித்தவனை அவள் நம்பவில்லை என்று தோன்றியது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

என்னிடமும் வந்தாள். “சார், தமிழா? பையனுக்கு வேர்க்கடலை, முந்திரி, பிஸ்தா ஒத்துக்காது சார். ரொம்ப சிவியர். ஒன்பது மணி நேரம் மட்டும்...” மீதியைச் சொல்லாமல் சிரித்தாள். கடன் கேட்கிறவர்களின் சிரிப்பு அது. நான் தலையாட்டினேன். என் காலடிப் பையில் மருமகள் கொடுத்தனுப்பிய கலவைப் பொட்டலம் இருந்தது, வறுத்த கடலையும் முந்திரியும் திராட்சையும். மேலே பெட்டியில் மூன்று பவுண்டு பாதாம், இரண்டு பவுண்டு பிஸ்தா. அமெரிக்காவிலிருந்து திரும்புகிற பெற்றோரின் பையில் இது இல்லாமல் நான் பார்த்ததில்லை. கீழே இருந்த பொட்டலத்தைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

பின்வரிசையில்தான் சிக்கல். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், பட்டுப்புடவை, மடியில் மிக்சர் பொட்டலம்.

“ஆன்ட்டி, மிக்சர்ல கடலை இருக்கும்...”

“இருக்கும்தான். மிக்சர்னா கடலை இல்லாமலா? அதுக்கு?”

அவள் சொன்னாள்.

“ஏம்மா, நாங்கல்லாம் கடலை தின்னு வளரலையா? இப்பத்த பிள்ளைங்களுக்குத்தான் இதெல்லாம் வருது. கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துப் பழக்கணும்.”

அவள் பதில் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை எத்தனை கல்யாண வீடுகளில் கேட்டிருப்பாளோ. வேடிக்கை என்னவென்றால் அந்த அம்மாள் சொன்னதில் பாதி உண்மை. இஸ்ரேலில் கைக்குழந்தைகள் பம்பா என்ற கடலைப் பொரியைத் தின்று வளர்கின்றன. லண்டன் யூதக் குழந்தைகளிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே கடலை ஒவ்வாமை என்று கிடியன் லாக் என்ற மருத்துவரின் குழு 2008இல் எழுதியது. பிறகு 640 பச்சைக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். பதினோரு மாதத்துக்குள் கடலை கொடுக்க ஆரம்பித்த குழந்தைகளிடம், ஐந்து வயதில் ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அது வருவதற்கு முன் செய்கிற வேலை. வந்த பிறகு வீட்டில் நாமே கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பது, சுடுகிறதா என்று அடுப்பில் கை வைத்துப் பார்ப்பதுதான். மருத்துவரின் கண் முன்னால், மில்லிகிராம் கணக்கில் ஏற்றுகிற சிகிச்சை உண்டு. மிக்சர் பொட்டலத்தில் அது இல்லை.

இதையெல்லாம் நான் அந்த அம்மாளிடம் திரும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னாள், “சரி ஆன்ட்டி, பரவால்ல, முடிஞ்சா பாருங்க,” என்று. அந்த அம்மாள் மிக்சரை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பணிப்பெண் வந்தாள். அறிவிப்புச் செய்ய முடியாது என்றாள், கடலை இல்லாத விமானம் என்று உறுதி கொடுக்க முடியாது என்றாள், மனப்பாடமாக. ஆனால் இந்த வரிசைக்கும் முன் ஒன்றுக்கும் பின் ஒன்றுக்கும் கொட்டை வகை பரிமாற மாட்டேன் என்று தன்னளவில் சொன்னாள். மூன்று வரிசை. 1998இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை இதே மூன்று வரிசையைக் கடலை இல்லாமல் வைக்கச் சொல்லிப் பெரிய விமான நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. விவசாயிகளுக்கு ஆதரவான உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் அதற்கு முட்டுக்கட்டை போட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த மூன்று வரிசையை ஒரு அம்மா வாயால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

விமானம் எழும்பிய பிறகு பையன் விளையாட ஆரம்பித்தான். ஆரஞ்சுப் பையிலிருந்து ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை எடுத்தான். “அப்பா, நீ பேஷன்ட்.” நீல மூடியைக் கழற்றினான், ஆரஞ்சு முனையை அப்பாவின் தொடையில், பேன்ட்டின் மேலேயே, வெளிப்பக்கமாக வைத்து அழுத்தினான். டிக். “ஒன்... டூ... த்ரீ.” எடுத்துவிட்டுத் தேய்த்தான். அப்பா செத்துப் பிழைத்தவர்போல முனகினார். மூன்றாவது முறை நோயாளி கரடி பொம்மை.

உண்மையான பேனாக்கள் இரண்டு அதே பைக்குள் இருந்தன. 0.15 மில்லிகிராம் அட்ரினலின், இந்த எடைக் குழந்தைக்கு உரிய அளவு. இரண்டு எதற்கென்றால், முதல் ஊசிக்கு அடங்காவிட்டால் ஐந்து நிமிடத்திலேயே அடுத்தது தேவைப்படலாம். வானத்தில் ஆம்புலன்ஸ் வராது, பக்கத்து ஊரில் இறங்குவதற்கே அரை மணிக்குக் குறையாது. என் முப்பத்தொரு வருடத்தில் இந்தப் பேனா ஒன்றைக்கூட நான் விற்றதில்லை. என்னிடம் இருந்தது ஆம்பூல், ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். கண்ணாடிக் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் உறிஞ்சி, ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அளந்து, கை நடுங்காமல் போட வேண்டும். உடம்பெல்லாம் தடித்துப்போய் அவில் மாத்திரை கேட்டு வருவார்கள். தடிப்புக்கு அது போதும். மூச்சு இழுக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இழுத்தால் மாத்திரை கொடுக்காமல், காசும் வாங்காமல், ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டு வண்டி வந்தது. அவர்கள் வாங்கவில்லை. மூன்று எவர்சில்வர் டப்பாக்கள் திறந்தன. எலுமிச்சை சாதம். கடலை இல்லாத எலுமிச்சை சாதம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. அதில் வறுத்த கடலைப்பருப்பு பொன்னிறமாக மின்னியது. பையன் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முதலில் தின்றான், நாங்கள் கடலையைப் பொறுக்கித் தின்றதுபோலவே.

அட்டையில் எழுதியிருப்பதை நம்பி வெளியே வாங்கிச் சாப்பிட்டவள்தான் நடாஷா எட்னான்-லபெரூஸ், லண்டன் பெண், பதினைந்து வயது. 2016 ஜூலையில் நீஸுக்குப் புறப்படும் முன் விமான நிலையத்தில் வாங்கிய ரொட்டியின் மாவிலேயே எள் கலந்திருந்தது. உறையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை, அன்றைய சட்டம் கேட்கவும் இல்லை. வானத்திலேயே உடம்பு தடித்தது. அப்பா இரண்டு பேனாக்களையும் போட்டார். அன்றே இறந்தாள். 2021 அக்டோபரில் இங்கிலாந்தில் அவள் பெயரால் சட்டம் வந்து, கடையிலேயே பொட்டலம் கட்டி விற்கும் பண்டங்களிலும் எல்லாச் சேர்மானத்தையும் அச்சிட வேண்டும் என்றானது. இந்தக் கதை தெரியாத ஒவ்வாமைக் குழந்தையின் அம்மா இருக்க மாட்டாள். மூன்று டப்பாக்களுக்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

விளக்குகளை அணைத்தார்கள். பையன் புடவையின் ஓரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான். அப்பாவும் தூங்கினார். அவள் தூங்கவில்லை.

எங்கோ நாலைந்து வரிசை முன்னால் யாரோ பொட்டலம் பிரித்தார்கள். வறுத்த கடலை வாசம். எனக்கே வந்துவிட்டது. அவள் நிமிர்ந்தாள். வாசனையில் புரதம் வராது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். காற்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது, ஆபத்து வாசத்தில் இல்லை, கைபட்ட இடத்தில். இருந்தும் அவள் கை பையனின் இடுப்புக்குப் போய் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவன் மூக்கின் கீழே விரலை வைத்தாள். பச்சைக் குழந்தைக்குத்தான் அப்படி வைத்துப் பார்ப்பார்கள். வாசம் போகிற வரை விரலை எடுக்கவில்லை.

எனக்குக் கால் மரத்தது. கடைசி வரைக்கும் நடந்து போனேன். கழிப்பறைக்குப் பக்கத்தில், திரைக்குப் பின்னால், பட்டுப்புடவை அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மிக்சர் பொட்டலம். நின்றபடியே, வேகமாக, திருட்டுத் தின்பண்டம்போல வாயில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். “சுகர் இருக்கு எனக்கு. நேரத்துக்கு ஏதாவது போட்டுக்கணும்,” என்றார், நான் எதுவும் கேட்காதபோதே. பொட்டலத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் போனார். உள்ளே வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம். வெளியே வந்தபோது முழங்கை வரை ஈரம். வாயையும் கழுவியிருந்தார்.

இடத்துக்குத் திரும்பியவர் அந்தப் பெண்ணிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு இது தெரியவே போவதில்லை.

சென்னையில் நள்ளிரவு. மறுபடி சக்கர நாற்காலி. என்னைத் தள்ளிய பையன் வேகமானவன். ஆனால் பெட்டிகள் வரத் தாமதமாகி, அவர்களும் நானும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு தாத்தா, தோளில் துண்டு. பக்கத்தில் பாட்டி. தாத்தா கம்பிக்கடியில் குனிந்து வரப் பார்த்து, காவலர் அதட்டி, சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். கையை விரித்துக்கொண்டு வந்தவர் ஓரடி தூரத்தில் நின்றுவிட்டார். பையனும் நின்றான்.

“தாத்தா, இன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?”

“காலைல இட்லிடா. சட்னில தேங்கா மட்டும். மத்தியானம் ரசம், பீன்ஸ். ராத்திரி தயிர்சாதம்.” பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். “பல்லு வெளக்கிட்டுத்தான் வந்தேன்.”

“கடலை?”

“ரெண்டு நாளா தொடலடா.”

பையன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். கன்னத்தைக் காட்டினான். தாத்தா முத்தம் கொடுத்து நிமிர்வதற்குள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.

“பாட்டி, நீங்க?”