கட்டடத்துக்கும் முகம் உண்டு

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டை. ஆரணி ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ் பிடித்து, பெரியபாளையம், செங்குன்றம் வழியாகச் சென்னைக்குப் போகிறேன். புடவைக் கடைக்கா, சினிமாவுக்கா என்று கேட்காதீர்கள். கட்டடங்களின் முகப்பைக் கறுப்பு வெள்ளை பிலிமில் படம் பிடிக்க!

"மனுஷங்களைப் பிடிச்சா ஆல்பத்துல ஒட்டலாம். செவுத்தைப் போய் எதுக்கும்மா பிடிக்கிறே?" என்பார் என் மாமியார். நியாயமான கேள்விதான்.

என்னிடம் இருப்பது அப்பாவின் பழைய ஆக்ஃபா கிளிக் காமிரா. ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். அந்த நாளில் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிமை அப்பா போடுவார். அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டதால், எனக்கு வெளிநாட்டு பிலிம்தான் கிடைக்கிறது. விலையும் கூடுதல். செல்போனில் போல இஷ்டத்துக்குத் தட்டித் தள்ள முடியாது. ஒவ்வொரு படத்துக்கு முன்பும் பத்து நிமிஷமாவது நின்று பார்ப்பேன்.

நிறம் போய்விட்டால் விளம்பரப் பலகையின் சிவப்பும் மஞ்சளும் கண்ணை இழுக்காது. தூணும் வளைவும், சன்னலுக்கு மேலே சுண்ணாம்பில் செய்த பூ வேலையும்தான் நிற்கும். அவை எடுப்பாகத் தெரிய வெயில் சாய்வாக விழ வேண்டும். பாரிமுனை டேர் ஹவுஸின் கடற்கரைச் சாலைப் பக்கத்துக்குக் காலை வெயில் நல்லது. தெற்கு பார்த்த ரிப்பன் மாளிகைக்கு, 1913இல் கட்டி முடித்தது, மார்கழி, தை மாதங்கள் சரியானவை. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து வரும். காமிராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்கிற மாதிரி விழும். எதிர்ச் சாரிக்குப் போய், காமிராவை நேராகப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்க வேண்டும்.

ஆனால் கட்டடங்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை. மவுண்ட் ரோடில் இருந்த பழைய ஸ்பென்ஸர் கட்டடம் 1983இல் தீயில் போயிற்று. அதே சாலையில், 1897இல் கட்டிய பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்க ஆரம்பித்தார்கள். இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. இடிக்கக் கூடாது என்று 2010இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் ஒரு பகுதி போய்விட்டது.

சென்னைக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே திண்ணையும் மரத் தூணுமாக இருந்த ஒரு வீட்டை இடித்து மாடி எழுப்பினார்கள். இடிப்பதற்கு முன் அதன் முகப்பை ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன். பிரிண்ட் போட்டு அந்த வீட்டுப் பாட்டியிடம் கொடுத்தேன். பாட்டி வெகு நேரம் பார்த்தார். "இந்தப் படியிலதாண்டி நெல்லு படியை உதைச்சுக்கிட்டு உள்ளே வந்தேன். பதினெட்டு வயசு" என்றார். இப்போது அது பூஜை அலமாரியில் சாமி படங்களோடு இருக்கிறது. மாமியாரும் அதன் பிறகு செவுத்தைப் பற்றிப் பேசுவதில்லை!

வீட்டிலேயே பிலிம் கழுவ விரும்பும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. டெவலப்பர், ஹைப்போ இவற்றைச் சமையலறைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். கரைக்கத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வேண்டும். பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். காற்றோட்டம் அவசியம். நெகடிவை நன்றாக அலசி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் பேரன் பேத்தி காலம் வரை இருக்கும்.

பிலிம் காமிராதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டுக்குப் புது வர்ணம் அடிக்கும் முன், பழைய வாசற்கதவை மாற்றும் முன், எதிர்ச் சாரியில் போய் நின்று ஒரு படம் எடுத்து வையுங்கள். உள்ளே உழைத்துக்கொண்டே இருக்கும் நமக்கு, நம் வீட்டின் முகத்தை வெளியிலிருந்து பார்க்க வேறு எப்போது நேரம் கிடைக்கப் போகிறது?