வெள்ளைக்காரியின் மருதோண்டியும் எங்கட பிள்ளைகளின் நைட் கிரீமும்



கொஞ்சம் நீளமான பதிவு. கலியாண வயதில் பிள்ளை இருக்கும் வீட்டார் கடைசிவரை வாசியுங்கள். "இது பொம்பிளைகள்ட விசயம்" என்று வாப்பாமார் தாண்டிப் போகவும் வேண்டாம். கிரீமுக்குக் காசு கொடுப்பது நீங்கள்தான்.

அறுகம்பேயில் சீசன் தொடங்கினால் எங்கள் வகுப்பறைக்கும் அது தெரிந்துவிடும். ஒரு பிள்ளையின் வாப்பா ஆட்டோ ஓடுவார், இன்னொரு பிள்ளையின் நானா சேர்ஃப் பலகை வாடகைக்குக் கொடுப்பார், வேறொரு வீட்டில் இரண்டு ரூம் வெளிநாட்டாருக்கு விட்டிருப்பார்கள். அப்படி ஒரு வீட்டில்தான் இது நடந்தது. (பிள்ளையிடமும் உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். யாரென்று தேடித் திரியாதீர்கள்.) ரூமைக் காலி செய்து போன ஒரு பெண், அரைவாசி மிச்சமிருந்த போத்தல் ஒன்றை மேசையில் விட்டுப் போயிருக்கிறார். போத்தலில் பளபளவென்று ஒரு பெண்ணின் படம். ஓ.எல். படிக்கும் எங்கள் மாணவி கணக்குப் போட்டாள்: வெள்ளைக்காரி பூசுகிற கிரீம், அப்படியென்றால் பூசினால் வெள்ளை வரும். இரவு முகம், கழுத்து, கை என்று அள்ளிப் பூசிக்கொண்டு படுத்துவிட்டாள்.

சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் கழுத்தில் கோடு கோடாகக் கபில நிறம். முழங்கை கறுத்துப் போயிருந்தது. உள்ளங்கை இரண்டும் தோடம்பழம். சவர்க்காரம் போட்டாள், தேசிக்காய் தேய்த்தாள், போகவில்லை. இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் போத்தலைப் புத்தகப் பையில் ஒளித்துக்கொண்டு வந்து விஞ்ஞான அறையில் எங்கள் முன்னால் வைத்தாள். நாங்கள் மூன்று டீச்சர்மார் சேர்ந்து லேபலை வாசித்தோம். வெயிலில் கிடக்காமலே தோலைக் கபில நிறமாக்குகிற கிரீம் அது. அவள் முதலில் அழுதாள், பிறகு எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

"ஒரு கிழமை பொறு மகள், தானாகப் போய்விடும்" என்று சொல்லி அனுப்பினோம். அப்படியே போனது. ஏன் போனது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதற்குப் பிறகு சொல்லப்போகும் விசயம் அதில்தான் தங்கியிருக்கிறது.

எங்கள் தோலின் ஆக மேலே இருப்பது செத்த கலங்களாலான ஒரு மெல்லிய படை. அது ஒவ்வொரு நாளும் உதிர்ந்துகொண்டே இருக்கும். அந்தப் போத்தலில் இருப்பது டைஹைட்ரொக்சி அசிட்டோன் என்ற ஒரு வகைச் சீனி. அது அந்தச் செத்த படையிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து கபில நிறத்தைத் தருகிறது. போறணையில் பாணின் மேலோடு நிறம் மாறுவதும் இதே மாதிரியான தாக்கம்தான். பூசி இரண்டு மூன்று மணித்தியாலத்தில் நிறம் தொடங்கும், ஒரு நாளைக்குள் முற்றும், ஐந்து முதல் ஏழு நாளில் செத்த கலங்களோடு உதிர்ந்து போகும். உள்ளங்கை, முழங்கை, முழங்கால், கணுக்காலில் தோல் தடிப்பு என்பதால் அங்கே கூடுதலாகப் பிடிக்கும். மருதோண்டியும் இந்த மேல் படையில்தான் சாயம் ஏற்றுகிறது. வெள்ளைக்காரியின் மருதோண்டி என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்தோம்.

இதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டீன் என்ற ஆய்வாளர் ஒரு நோய்க்காகப் பிள்ளைகளுக்கு இதைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். சிந்திய இடமெல்லாம் தோல் நிறம் மாறியதைக் கவனித்தார். 1960இல் அது கடைக்கு வந்துவிட்டது. வெயிலில் கிடந்து கறுப்பதைவிட இது எவ்வளவோ மேல். செயற்கை ஒளியில் கறுக்க வைக்கும் படுக்கைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2009இல் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்தது. அவுஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 தொடக்கத்திலிருந்து அப்படிப்பட்ட கடைகளுக்கே தடை. ஆனால் இந்தக் கிரீமைப் பூசியவர் வெயிலிலிருந்து தப்பிவிட்டார் என்று நினைக்கக்கூடாது. அந்த நிறம் வெயிலைத் தடுக்காது, சன்கிரீம் தனியாகப் பூசத்தான் வேண்டும்.

"நமக்கு எதற்கு டீச்சர் இது?" என்று கேட்பீர்கள். ஒரு ஆளுக்குத் தேவைப்படும். முகத்திலும் கையிலும் வெண்புள்ளி உள்ளவர்கள் நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். அது தொற்றாது என்று எத்தனை தரம் சொன்னாலும் கலியாண வீட்டில் அவர்களைப் பார்க்கும் பார்வை மாறுவதில்லை. வெண்புள்ளியை மறைக்க இந்தக் கிரீமை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். தோல் டொக்டரிடம் கேட்டுவிட்டு, முழங்கையின் உள் பக்கத்தில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கடி, சிவப்பு வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால், குளித்து, ஈரத்துணியால் மெதுவாகத் தேய்த்து, நன்றாக உலர்ந்த பிறகு மெல்லிசாகப் பூச வேண்டும். குறைந்த நிறமுள்ளதாக வாங்கி, போதாவிட்டால் அடுத்த நாள் இன்னொரு தரம் பூசலாம். கூடிப் போனதைக் குறைப்பது எளிதல்ல. கண்ணிலும் உதட்டிலும் படக்கூடாது. ஸ்பிரே என்றால் மூச்சில் இழுபடக்கூடாது. பூசி முடித்த கையோடு உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் எங்கள் மாணவியின் தோடம்பழம்தான். வெண்புள்ளி உள்ள இடம் வெயிலில் சட்டென்று வேகும் என்பதால் அவர்களுக்குச் சன்கிரீம் இன்னும் முக்கியம். உளூ பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் சொல்லக்கூடியது, அது தோலுக்கு மேல் காய்ந்து நிற்கும் படையல்ல, நிறம் மட்டும்தான்.

மருதோண்டி பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறோம். இலையை அரைத்து வைத்தால் செம்மண் நிறம்தான் வரும், அதற்கும் பல மணித்தியாலம் வேண்டும். பெருநாளைக்கு விற்கிற சில கோன்கள் அரை மணித்தியாலத்தில் கறுகறுவென்று பிடிப்பது மருதோண்டியால் அல்ல. தலைமயிர் டையில் போடும் பீ.பீ.டி. என்ற சாயத்தை அதில் கலக்கிறார்கள். கை கொப்புளித்து, பூ டிசைன் அப்படியே தழும்பாக நின்ற பிள்ளைகளின் கதை பல நாடுகளிலும் இருக்கிறது. அந்த ஒவ்வாமை ஒரு தரம் பிடித்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது, பிற்காலத்தில் டை பூசும்போது முகமே வீங்கலாம். கறுப்புக் கோன் வாங்காதீர்கள்.

இனி நைட் கிரீம்.

எங்கள் பழைய மாணவி ஒருவர். படிப்பில் கெட்டிக்காரி. கலியாணம் பேசி வந்த இடத்தில் சீதனம், வீடு எல்லாவற்றுக்கும் முதல் வந்த கேள்வி, "பிள்ளை என்ன நிறம்?" பள்ளியில் பிலால் (ரழி) அவர்களைப் பற்றிப் பயான் கேட்டால் கண் கலங்குகிற நாங்கள்தான் இதையும் கேட்கிறோம். மாநிறம் என்று பதில் போனது. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது மாமி ஒருவர் ஓன்லைனில் ஒரு கிரீம் எடுத்துக் கொடுத்தார். வெள்ளை டப்பா, பெயரில்லை, செய்த இடமில்லை, உள்ளே என்ன என்றும் இல்லை. "ஏழு நாளில் ரிசல்ட்" என்று மட்டும் ஒட்டியிருந்ததாம்.

ரிசல்ட் உண்மையாகவே வந்தது. இரண்டு கிழமையில் முகம் வெளுத்து, வழுவழுவென்று ஆகி, சொந்தக்காரப் பெண்கள் எல்லாம் கிரீமின் நம்பர் கேட்டார்கள். கலியாணம் முடிந்து சில நாள் பூசாமல் விட்டார். முகம் நெருப்பாகச் சிவந்தது. அடுப்படியில் நிற்க முடியவில்லை. திரும்பப் பூசினால் அடங்கும், விட்டால் எரியும். பருவும் மயிரும் வந்தது, கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது. புருசன் வீட்டில் ஒரு நாள், "பூசித்தானா காட்டினீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அதை எங்களிடம் சொல்லும்போதுதான் அந்தப் பிள்ளை உடைந்து போனது. முகம் எரிந்ததற்கு அழவில்லை.

டொக்டர் பார்த்தவுடன் சொன்னது, ஸ்டிரொயிட். குளோபெட்டசோல், பீட்டாமெதசோன் என்பவையெல்லாம் எக்ஸிமா மாதிரி நோய்களுக்கு, டொக்டர் சொல்லும் நாட்களுக்கு மட்டும் பூசும் மருந்துகள். மாதக் கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துவிடும். விடும்போது வரும் எரிவுதான் ஆட்களைத் திரும்பவும் டப்பாவுக்கு இழுக்கிறது.

அவர் இன்னொன்றையும் சந்தேகித்தார். இரசம், அதாவது பாதரசம். அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு மாதம். சிறுநீரில் இரசம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், அறிக்கை இன்னும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் அந்த வெளிநாட்டுப் போத்தலுக்கும் இந்த டப்பாவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஒன்று செத்த படையில் நின்று ஒரு கிழமையில் உதிர்கிறது. மற்றது கீழே உயிருள்ள தோலுக்குப் போய், மெலனின் உண்டாவதை மறிக்கிறது. மறித்துவிட்டு இரத்தத்துக்கும் போகிறது. இரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைக் கெடுக்கும், வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் தாய்ப்பாலுக்கும் போகும். பூசாதவர்களும் தப்ப முடியாது. துவாயிலும் தலையணை உறையிலும் ஒட்டும், ஆவியாகி அறைக் காற்றில் கலக்கும். உம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தூங்கும் கைக்குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானில் தொழிற்சாலை இரசத்தால் அழிந்த ஒரு மீனவ ஊரின் பெயர் அது. அதன்படி 2020க்குப் பிறகு கிரீமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இரசம் இருக்கக்கூடாது. பிறகு அதையும் இறுக்கி, 2025க்குப் பின் இரசம் சேர்த்த அழகுசாதனப் பொருளே கூடாது என்று ஆக்கினார்கள். ஆனால் உடன்படிக்கை வட்ஸ்அப் குரூப்பில் விற்கிறவரின் வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை.

ஆகவே வாங்குகிற நாங்கள்தான் பார்க்க வேண்டும். உள்ளே என்ன என்று எழுதாத டப்பாவை, மக்காவிலிருந்து வந்தது என்றாலும், துபாயிலிருந்து சாச்சி அனுப்பியது என்றாலும், முகத்தில் வைக்காதீர்கள். எழுதியிருந்தால் மேர்கியூரி, மேர்கியூரஸ், மேர்கியூரியோ, கலோமெல் என்ற சொற்களைத் தேடுங்கள், எல்லாம் இரசம்தான். ஹைட்ரொகுயினோன் இருந்தால் டொக்டர் எழுதித் தராமல் பூசக்கூடாது, நீண்ட நாள் பூசினால் நீலக் கறுப்பாகப் படை விழும். இன்னொரு அடையாளம் இருக்கிறது, இதை எல்லா உம்மாமாரும் பிடித்துக்கொள்வீர்கள்: "தங்கம், வெள்ளி நகை படாமல் பூசவும்" என்று லேபலில் இருந்தால் அந்த டியூபை வைத்துவிடுங்கள். தங்கத்தில் இரசம் பட்டால் வெளிறிப் போகும், நகை செய்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். மோதிரத்துக்கு ஆகாததை மகளின் கன்னத்துக்கு எப்படிப் பூசுவது?

ஏற்கனவே பூசுகிறவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இரசம் என்று சந்தேகம் வந்தால் இன்றே நிறுத்துங்கள். கையைக் கழுவி, டப்பாவைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். எரிக்கவோ குப்பையில் போடவோ வேண்டாம், எங்கே கொடுப்பது என்று எம்.ஓ.எச். அலுவலகத்தில் பீ.எச்.ஐ.யிடம் கேளுங்கள். டொக்டரிடம் போகும்போது "கிரீம் பூசினேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் மிட்வைஃபிடமும் சொல்லுங்கள். நிறுத்தியதும் முகம் எரிந்தால் பழைய டப்பாவிடம் திரும்பாமல் தோல் கிளினிக்குக்குப் போங்கள், அதைத் தணிக்க அவர்களிடம் வழி இருக்கிறது. விற்கிறவரைப் பற்றி நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் முறையிடலாம்.

இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு விஞ்ஞான அறையில் நாங்கள் மூன்று பேரும் இருப்போம். டப்பாவைக் கொண்டுவர வேண்டாம், லேபலை நான்கு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெரிதாக்கி வாசித்து, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித் தருகிறோம். பெண்கள் மட்டும்.