மழைக்காலத்துப் பானை

மின்சாரத்தின் உதவியின்றி உணவைக் குளிர்ச்சியாக வைத்திருக்க முடியுமா என்று கேட்பவர்களிடம், எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதை, திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்து பம்பாயை அடுத்த சான்பாடாவில் குடித்தனம் செய்கிற நான் அனுபவத்தில் உணர்ந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில், அடுக்களை மூலையில் ஆற்றுமணலைக் குவித்து நனைத்து, அதன்மேல் பானையை அமர்த்தி, ஈரத்துணியைச் சுற்றிவிட்டால், சில நாழிகைக்குள் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். மண்ணின் நுண்ணிய துவாரங்களில் கசிகின்ற நீர், ஒரு கிராம் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி உஷ்ணத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. டெல்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் இரட்டைச் செங்கற்சுவருக்கு நடுவே ஈரமணலை நிரப்பிக் காய்கறி காக்கும் தொட்டியை அமைத்ததும், நைஜீரியாவின் முகம்மது பா அப்பா பானைக்குள் பானை வைத்துச் சந்தைக்காரர்களின் தக்காளியைக் காத்ததும், 2001-ஆம் வருஷத்துப் பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில், வாங்கானேர் ஊர்க் குயவரான மன்சுக்பாய் பிரஜாபதி 'மிட்டிகூல்' என்னும் களிமண் பெட்டியைச் செய்ததும் இந்த ஒரே தத்துவத்தின் பலத்தினால்தான்.

ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் ஆவி கிளம்பும். வெப்பம் 40 பாகையும் ஈரப்பதம் நூற்றுக்கு 20-ம் உள்ள இடத்தில் பானை 22 பாகை வரை இறங்கக்கூடும். 30 பாகையும் 85-ம் நிலவுகிற பம்பாயின் ஆடி மாதத்திலோ, எவ்வளவு உத்தமமான பானையானாலும் 28-க்குக் கீழே செல்லாது. தாராவியில் நம்மவர்களின் தெருக்களுக்கு அருகிலேயே, சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்களின் கும்பார்வாடா இருக்கிறது. அங்கே வாங்கிய பானை மாசி, பங்குனியில் எங்கள் வீட்டில் செய்கிற உபகாரத்தை, மழை பிடித்த பிறகு செய்வதில்லை. சங்கடம் என்னவென்றால், இந்நகரத்தில் மின்சாரம் நாள்கணக்கில் நின்றுபோவது பெரும்பாலும் அந்த மழையில்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, பல பேட்டைகள் இருளில் கிடந்தன.

அப்படிப்பட்ட நாட்களில் குளிரைத் தேடுவதை விட்டு, பதார்த்தத்தையே மாற்றிக்கொள்வதுதான் விவேகம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு மாலைக்குள் ஊசிப்போகும். புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த வத்தக்குழம்பு, கரண்டியில் ஈரம் படாமல் எடுத்து மீண்டும் சுடவைத்தால், மறுநாளும் நிற்கும். பாலை மும்முறை காய்ச்சி, மிஞ்சியதை அன்றிரவே உறையூற்றிவிட வேண்டும். சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் மோரும் கலந்து உண்டுவிட வேண்டும். இந்தக் கடற்கரையின் மீனவர்களான கோலி மக்களும் மழைக்கு முந்திய வெயிலிலேயே பொம்பில் மீனை மூங்கில் பந்தலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். நம் கருவாட்டுக்காரர்கள் அறியாத வித்தை அல்ல அது.

புளிக்கவைக்கவும் உலர்த்தவும் இயலாத வஸ்து ஒன்று பல வீடுகளில் இருக்கிறது: இன்சுலின். அதற்கு மோர் வழி சொல்லாது; பானையும் பாதி வழிதான் சொல்லும். பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் சீசா 30 பாகைக்கு மிகாத நிழலில், சுமார் ஒரு மாதம் இருக்கலாம். ஆகையால் அதற்குக் கும்பார்வாடாப் பானையே போதும். பிரிக்காத சீசாக்களுக்கு மெய்யான குளிர் வேண்டும், ஆனால் உறையவும் கூடாது. கருமேகம் திரளும்போதே ஐஸ் கிடைக்குமிடத்தை விசாரித்து வைத்து, கட்டியைத் துணியில் பொதிந்து, சீசா அதில் நேராக ஒட்டாதபடி தெர்மாகோல் பெட்டிக்குள் வைக்கும் ஏற்பாட்டை, இன்சுலின் எடுப்பவர் உள்ள ஒவ்வொரு வீடும் ஆனி பிறக்கும் முன்பே செய்துகொள்ள வேண்டும்.